குரலும் கூலியும்: வெள்ளையர் பாடிய சோல் இசை

1967 ஜனவரி 24. அலபாமா மாநிலத்தின் மஸில் ஷோல்ஸ் என்ற சிற்றூரில் இருந்த ‘ஃபேம்’ ஒலிப்பதிவுக்கூடத்துக்குள் அரீத்தா ஃபிராங்க்ளின் நுழைந்தார். அப்போது அவருக்கு 24 வயது. டெட்ராய்ட் நகரின் நியூ பெத்தேல் பாப்டிஸ்ட் தேவாலயத்தில், தந்தை சி. எல். ஃபிராங்க்ளின் பிரசங்கம் செய்யும் மேடையருகே பாடி வளர்ந்தவர். கொலம்பியா நிறுவனத்தில் ஆறு ஆண்டுகள் பாடியும் அவருடைய குரலுக்கேற்ற பெயர் கிடைக்கவில்லை. அட்லாண்டிக் நிறுவனத்தின் ஜெர்ரி வெக்ஸ்லர்தான் அவரை இங்கே அழைத்து வந்திருந்தார். பாட்டுக்கு வாசிக்கக் காத்திருந்தவர்கள் வெள்ளையர்கள், தென்மாநிலச் சிற்றூர்களில் வளர்ந்த இளைஞர்கள். அந்த மாநிலத்தின் ஆளுநர் ஜார்ஜ் வாலஸ், கறுப்பின மாணவர்கள் உள்ளே நுழையக் கூடாதென்று பல்கலைக்கழக வாசலை மறித்து நின்றது 1963-இல்தான். செல்மாவில் வாக்குரிமை கேட்டு நடந்தவர்களைக் காவல்துறை அடித்து வீழ்த்தி இரண்டு ஆண்டுகள்கூட முடியவில்லை.

முதலில் எதுவும் அமையவில்லை. பாட்டு கைவசம் இருந்தது. பாடுபவர் பியானோ முன் உட்கார்ந்திருந்தார். நடை மட்டும் பிடிபடவில்லை. ஆளாளுக்கு ஏதேதோ வாசித்துப் பார்த்தார்கள். அப்போது ஸ்பூனர் ஓல்டம் தம் வர்லிட்சர் மின்பியானோவில் ஒரு சிறு துணுக்கைத் தட்டினார். தயங்கித் தயங்கி அடியெடுத்து வைப்பது போல நகரும் சில சுரங்கள், அவ்வளவுதான். டிரம்ஸில் இருந்த ராஜர் ஹாக்கின்ஸ் அதைப் பிடித்துக்கொண்டார், மற்றவர்கள் பின்தொடர்ந்தார்கள். ‘ஐ நெவர் லவ்ட் எ மேன்’ பாட்டு அப்படித்தான் உருவானது. அரீத்தாவின் வாழ்க்கையைத் திருப்பிவிட்ட பாட்டு அது.

அன்றைக்கே எல்லாம் குலைந்தும் போனது. மது உள்ளே போயிற்று. அரீத்தாவின் கணவர் டெட் வைட்டுக்கும் வாத்தியக்காரர் ஒருவருக்கும் வாய்த்தகராறு. கூடத்தின் உரிமையாளர் ரிக் ஹால் சமாதானம் பேச விடுதிக்குப் போனார், அது கைகலப்பில் முடிந்தது. அரீத்தா ஊரைவிட்டே கிளம்பிவிட்டார். இரண்டாவது பாட்டு பாதியில் நின்றது. வெக்ஸ்லர் அதே வாசிப்பாளர்களை நியூயார்க்குக்கு வரவழைத்து மிச்சத்தை முடித்தார். பிப்ரவரி 14 அன்று அங்கே பதிவான ‘ரெஸ்பெக்ட்’ பாட்டிலும் ஹாக்கின்ஸின் டிரம்ஸைத்தான் கேட்கிறோம். கறுப்பினப் பெண்களின் தன்மான முழக்கமாக உலகம் கொண்டாடும் பாட்டு அது. அதன் தாளக்கட்டைத் தாங்கியவர்களில் பலர் அலபாமாவிலிருந்து வந்த வெள்ளையர்கள்.

வெள்ளையர் சோல் இசையைப் பாடலாமா, பாடினால் அது அசலா நகலா என்ற வழக்கு அறுபது ஆண்டுகளாக நடக்கிறது. பெரும்பாலும் தொண்டையைச் சோதித்தே தீர்ப்பு சொல்லப்படுகிறது. கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள், பாடுபவர் யாரென்று தெரிகிறதா என்பார்கள். அந்தத் தேர்வில் தேறிய வெள்ளையர்கள் ஏராளம், ஆகவே அதனால் ஒன்றும் நிரூபணமாவதில்லை. ஒரு பாட்டுக்கு யார் முகம் அட்டையில் வந்தது, எந்த வானொலி யாரை ஒலிபரப்பியது, காசு யார் வீட்டுக்குப் போனது, பாடியவர் தமக்குக் கற்றுக்கொடுத்தவர்களுக்கு என்ன செய்தார் என்று விசாரித்தால்தான் இந்த வழக்கின் உள்விவகாரம் வெளியே வரும். இந்த உரை அந்த விசாரணையைத்தான் செய்ய முயல்கிறது.

சோல் இசையின் தாய்வீடு கறுப்பினத் தேவாலயம். போதகர் ஒரு வரி எடுப்பார், சபை மறுவரி கொடுக்கும். சொல் போதாத இடத்தில் முனகலும் கூவலும் கைத்தட்டும் வந்து நிற்கும். ‘கோஸ்பெல்’ எனப்படும் இந்தப் பாடுமுறையை ரே சார்ல்ஸ் 1954-இல் ‘ஐ காட் எ வுமன்’ பாட்டுக்காக எடுத்து, ஆண்டவர் இருந்த இடத்தில் காதலியை வைத்தார். தேவாலயத்தார் கொதித்தார்கள். ‘சோல் ஸ்டிரர்ஸ்’ என்ற பக்திக்குழுவை விட்டுக் காதல் பாட்டுக்கு வந்த சாம் குக்கும் அதே ஏச்சை வாங்கிக் கட்டிக்கொண்டார். அசல், போலி என்ற சண்டை வெள்ளையர் வாசலுக்கு வருமுன்பே வீட்டுக்குள் தொடங்கிவிட்டது.

அதே ரே சார்ல்ஸ் 1962-இல், வெள்ளையருடையதென்று எல்லோரும் நினைத்த கன்ட்ரி பாடல்களை ஒரு முழுத் தொகுப்பாகப் பாடினார். விற்பனைப் பட்டியலில் அது முதலிடத்துக்குப் போனது. அவர் பாடியதால் எந்த வெள்ளையின கன்ட்ரி பாடகரும் மேடையை இழக்கவில்லை. வானொலி யாரையும் வெளியே தள்ளவில்லை. எதிர்த்திசையில் நடந்ததோ வேறு கதை.

1955-இல் கறுப்பினப் பாடகர் ஃபேட்ஸ் டொமினோ பாடிய ‘எய்ன்ட் தட் எ ஷேம்’ பொதுப் பட்டியலில் 10-ஆம் இடம் வரை வந்தது. அதையே வெள்ளையரான பாட் பூன் திரும்பப் பாடினார், முதலிடம். அடுத்த ஆண்டு லிட்டில் ரிச்சர்டின் ‘டூட்டி ஃபுரூட்டி’ 17-ஆம் இடம், பாட் பூன் பாடியது 12-ஆம் இடம். லிட்டில் ரிச்சர்டின் கூவலைக் கேட்டவர்கள் பூனின் பதிவைக் கேட்டால் அந்தப் பாட்டின் உயிர் எங்கே போனதென்று தேடுவார்கள். ஆனாலும் கறுப்பினத்தவரின் இசைத்தட்டை ஏற்காத வானொலி நிலையங்கள் பூனை ஏற்றன. கறுப்பினப் பாடகர் ஆர்தர் குரூடப் 1946-இல் பதிவு செய்த ‘தட்ஸ் ஆல் ரைட்’ பாட்டோடுதான் எல்விஸ் பிரெஸ்லியின் இசைத்தட்டு வாழ்க்கை 1954-இல் தொடங்கியது. குரூடப் ராயல்டிக்காக ஆண்டுக்கணக்கில் அலைந்து, சேர வேண்டியது சேராமலே 1974-இல் இறந்தார்.

இதோடு அமெரிக்கச் சட்டத்தின் ஒரு விசித்திரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அங்கே சாதாரண வானொலியில் ஒரு பாட்டு ஒலித்தால் எழுதியவருக்கும் பதிப்புரிமை வைத்திருப்பவருக்கும் பணம் போகும், பாடியவருக்குப் போகாது. ‘ரெஸ்பெக்ட்’ பாட்டை எழுதியவர் ஓட்டிஸ் ரெடிங். அவர் 1967 டிசம்பரில் விமான விபத்தில் மாண்டார். அரீத்தாவின் குரலில் அந்தப் பாட்டு அமெரிக்க வானொலிகளில் எத்தனை முறை ஒலித்தாலும், அந்த ஒலிபரப்புக்காக அரீத்தாவுக்கு ஒரு காசும் சேரவில்லை. பாடகரின் வருமானம் இசைத்தட்டு விற்பனையையும் மேடையையும் நம்பியே இருந்தது. அந்த இரண்டிலும் கறுப்பினத்தவரை ஓரங்கட்டிவிட்டு அவர்களுடைய பாட்டை வேறொருவர் பாடும்போது, அது இரசனை பற்றிய விவாதமாக மட்டும் இருக்க முடியாது. வயிற்றுப்பாடு பற்றிய விவாதமாகிவிடும்.

‘புளூ ஐட் சோல்’, அதாவது நீலக்கண்ணர் பாடும் சோல், என்ற பெயர் 1960-களின் நடுவில் புழக்கத்துக்கு வந்தது. ஃபிலடெல்ஃபியாவின் கறுப்பின நேயர்களுக்கான வானொலியில் அறிவிப்பாளராக இருந்த ஜார்ஜி வுட்ஸ் ‘ரைச்சஸ் பிரதர்ஸ்’ இரட்டையரைப் பற்றிச் சொன்னது என்பார்கள். பில் மெட்லி, பாபி ஹாட்ஃபீல்ட் என்ற அந்த இருவரும் உடன்பிறந்தவர்களும் இல்லை, கறுப்பினத்தவரும் இல்லை. குரலை மட்டும் கேட்டு ஏற்றுக்கொண்ட நேயர்களுக்குப் பாடுபவர் யாரென்று சொல்ல அந்தப் பெயர் உதவியது. கறுப்பின வானொலி அவர்களை மனதார வரவேற்றது என்பதை மறந்துவிடக் கூடாது. 1963-இல் லெஸ்லி கோர் என்ற வெள்ளையினச் சிறுமியின் ‘இட்ஸ் மை பார்ட்டி’ கறுப்பின இசைக்கான ரிதம் அண்ட் புளூஸ் பட்டியலிலும் முதலிடம் பிடித்தது. இரண்டு பட்டியல்களும் அந்த அளவுக்குக் கலந்துகொண்டிருந்தன. 1963 நவம்பர் இறுதியிலிருந்து 1965 ஜனவரி வரை ‘பில்போர்டு’ இதழ் ரிதம் அண்ட் புளூஸ் பட்டியலை வெளியிடுவதையே நிறுத்தி வைத்தது. மீண்டும் தொடங்கி, 1969-இல் அதற்குச் சோல் என்று பெயர் சூட்டியது.

மெம்ஃபிஸ் நகரத்தின் ‘ஸ்டாக்ஸ்’ நிறுவனம் இந்தக் கலப்பின் உச்சம். ஜிம் ஸ்டூவர்ட், அவருடைய அக்கா எஸ்டெல் ஆக்ஸ்டன் என்ற இரு வெள்ளையர்கள் மெக்லமோர் அவென்யூவில் பழைய திரையரங்கு ஒன்றை வாடகைக்கு எடுத்து நடத்தினார்கள். ஒலிப்பதிவுக் கருவி வாங்க எஸ்டெல் தம் வீட்டை அடமானம் வைத்தார். அங்கே வாசித்த ‘புக்கர் டி அண்ட் தி எம்ஜிஸ்’ குழுவில் ஆர்கன் வாசித்த புக்கர் டி. ஜோன்ஸும் டிரம்ஸ் வாசித்த அல் ஜாக்சனும் கறுப்பினத்தவர். கிட்டார் ஸ்டீவ் குராப்பரும் பின்னர் சேர்ந்த பேஸ் கிட்டார் டக் டன்னும் வெள்ளையர். நால்வரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட நகரத்தில் இடம் தேட வேண்டியிருந்த காலம். கறுப்பினத்தவருக்குச் சொந்தமான லொரெய்ன் மோட்டலில்தான் ஸ்டாக்ஸ் கூட்டம் கூடும். எடி ஃபிலாய்டும் குராப்பரும் ‘நாக் ஆன் வுட்’ பாட்டை அங்கேதான் எழுதினார்கள். 1968 ஏப்ரல் 4 அன்று மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக்கொல்லப்பட்டதும் அதே லொரெய்ன் மோட்டலின் மாடியில். அதன்பிறகு ஸ்டாக்ஸ் கூடத்துக்குள் பழைய இணக்கம் திரும்பவில்லை. தெருவில் நடப்பதற்கும் தங்களுக்கும் தொடர்பில்லை என்று ஒரு இசைக்கூடம் எத்தனை நாள் இருந்துவிட முடியும்?

இனி டஸ்டி ஸ்பிரிங்ஃபீல்ட். இலண்டனில் ஐரிஷ் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த வெள்ளையினப் பாடகி, இயற்பெயர் மேரி ஓபிரையன். இந்தப் பொருளைப் பேசுகிறவர்கள் அவரிடம் நின்று நிதானிக்காமல் கடந்துபோகக் கூடாது. 1964 டிசம்பரில் தென்னாப்பிரிக்காவுக்குப் பாடப் போனார். நிறம் பிரித்து உட்கார வைக்கும் அரங்கில் பாடமாட்டேன் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கியிருந்தார். கேப் டவுன் அருகே கலந்து உட்கார்ந்த மக்களுக்குப் பாடினார். அரசாங்கம் அவரை நாட்டைவிட்டு வெளியேற்றியது. அடுத்த ஏப்ரலில் ‘தி சவுண்ட் ஆஃப் மோட்டவுன்’ என்ற சிறப்பு நிகழ்ச்சியைப் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் தொகுத்து வழங்கினார். மோட்டவுன் நிறுவனத்தின் கறுப்பினக் கலைஞர்களான சுப்ரீம்ஸ், டெம்ப்டேஷன்ஸ், மிராக்கிள்ஸ், ஸ்டீவி வொண்டர் எல்லோரும் பிரிட்டிஷ் வீட்டுக் கூடங்களுக்குள் வந்தார்கள். தம் புகழைக் கொண்டு தம் ஆசான்களுக்குக் கதவு திறந்துவிட்ட செயல் அது.

1968-இல் அவர் மெம்ஃபிஸ் வந்தார். அமெரிக்கன் ஸ்டுடியோவில் பாடும் அறைக்குள் நின்றபோது, சோல் பாடகர் வில்சன் பிக்கெட் நின்று பாடிய இடம் இது என்று சொன்னார்கள். டஸ்டியின் தொண்டை அடைத்துக்கொண்டது. தாம் தெய்வமாக நினைத்தவர்கள் நின்ற இடத்தில் நின்று பாட அவருக்குத் துணிவு வரவில்லை. வாத்தியங்கள் அங்கே பதிவாயின, குரலைப் பின்னர் நியூயார்க்கில்தான் முழுமையாகப் பதிவுசெய்ய முடிந்தது. ‘டஸ்டி இன் மெம்ஃபிஸ்’ என்று பெயர் பெற்ற தொகுப்பின் பாட்டுகள் மெம்ஃபிஸில் பாடப்பட்டவை அல்ல. அதிலுள்ள ‘சன் ஆஃப் எ பிரீச்சர் மேன்’ பாட்டை முதலில் அரீத்தாவுக்குத்தான் கொடுத்தார்கள். அவர் வேண்டாமென்றார், டஸ்டி பாடிய பிறகு 1970-இல் தாமும் பாடினார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் வேறுபாடு விளங்கும். அரீத்தா பாட்டைத் தேவாலயத்துக்கே இழுத்துப் போகிறார். டஸ்டி உரக்கக் கூவுவதே இல்லை, மூச்சை அடக்கி ஒரு இரகசியத்தைப் போலச் சொல்கிறார். தம்மிடம் இல்லாத தேவாலயத்தைப் போலிசெய்து காட்டவில்லை. அதனால்தான் அது நிற்கிறது. தொகுப்பு வெளிவந்தபோது அமெரிக்காவில் 99-ஆம் இடத்துக்கு மேல் ஏறவில்லை. இன்று அந்த நூற்றாண்டின் மிகச் சிறந்த பதிவுகளில் ஒன்றாக மதிக்கப்படுகிறது.

இசைத்தட்டுகளின் அட்டைகள் இந்த வரலாற்றைப் பாட்டைவிட வெளிப்படையாகச் சொல்கின்றன. 1965-இல் வந்த ‘ஓட்டிஸ் புளூ’ ஓட்டிஸ் ரெடிங்கின் தலைசிறந்த தொகுப்பு. அதன் அட்டையில் அவர் இல்லை, பொன்னிறக் கூந்தலுள்ள ஒரு வெள்ளைப் பெண் இருக்கிறாள். அடுத்த ஆண்டு ஐஸ்லி பிரதர்ஸின் தொகுப்பொன்று வந்தது. அட்டையில் கடற்கரையில் ஒரு வெள்ளைக் காதல் ஜோடி. வெள்ளையர் கடையில் விற்க வேண்டுமென்று கறுப்பினப் பாடகரின் முகத்தை மறைத்தார்கள்.

1979-இல் அதே மறைப்பு எதிர்த்திசையில் நடந்தது. கறுப்பினத்தவருக்குச் சொந்தமான மோட்டவுன் நிறுவனம் வெள்ளையினப் பாடகி டீனா மேரியின் முதல் தொகுப்பை வெளியிட்டது. அட்டையில் கடல் மட்டும். பாடுபவர் படம் இல்லை. வானொலியில் கேட்டவர்கள் அவரைக் கறுப்பினப் பெண் என்றே நினைத்தார்கள். பிறகு மோட்டவுன் பாடகர் ரிக் ஜேம்ஸுடன் ‘சோல் டிரெய்ன்’ தொலைக்காட்சி நிகழ்ச்சியில் தோன்றியபோது உண்மை தெரிந்தது. மக்கள் கைவிடவில்லை. மயாமியிலிருந்து 1978-இல் வந்த, வெள்ளையரான பாபி கால்ட்வெல்லின் தொகுப்பு அட்டையிலும் நிழலுருவம்தான். முகம் மறைக்கப்பட்ட இந்த இரண்டு காலங்களையும் ஒன்றென்று சொல்ல முடியாது. ஓட்டிஸின் முகத்தை மறைக்கச் செய்தது இனவெறி. டீனா மேரியின் முகத்தை மறைக்கச் செய்தது வணிகத் தயக்கம், அது அடுத்த தொகுப்பிலேயே விலகியது.

டீனா மேரியைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். கலிபோர்னியாவின் வெனிஸ் பகுதியில், கறுப்பினத்தவர் வாழ்ந்த ஓக்வுட்டில் வளர்ந்தவர் அவர். அந்தப் பேச்சும் பாட்டும் அவருக்குத் தெருவிலேயே வந்தவை. மோட்டவுனோடு வந்த தகராறில் நீதிமன்றம் போனார். குறைந்தபட்ச ஆண்டு ஊதியத்துக்கு உறுதி தராமல் ஒரு பாடகரைத் தனியுரிமை ஒப்பந்தத்தில் கட்டிவைக்க முடியாது என்று 1984-இல் கலிபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவருடைய இயற்பெயரான பிராக்கர்ட் என்ற பெயரிலேயே அந்தத் தீர்ப்பு அறியப்படுகிறது. எந்த நிறத்துப் பாடகருக்கும் அந்தத் தீர்ப்பு கேடயமாயிற்று.

எதிர்ப்பக்க வாதத்தை இலேசாகத் தள்ளிவிடக் கூடாது. நெல்சன் ஜார்ஜ் 1988-இல் எழுதிய ‘தி டெத் ஆஃப் ரிதம் அண்ட் புளூஸ்’ நூல், கறுப்பின இசை பொதுச்சந்தையில் கலந்தபோது கறுப்பினத்தவருக்குச் சொந்தமான வானொலிகளும் கடைகளும் சிறு நிறுவனங்களும் எப்படி நொடித்துப்போயின என்று காட்டியது. மறு ஆண்டே அமெரிக்கன் மியூசிக் அவார்ட்ஸ் விழாவில் சோல் பிரிவின் சிறந்த ஆண் பாடகர் விருதும் சிறந்த தொகுப்பு விருதும் வெள்ளையரான பிரிட்டிஷ் பாடகர் ஜார்ஜ் மைக்கேலுக்குப் போயின. கறுப்பினக் கலைஞர்கள் மனம் கசந்தார்கள். ஜார்ஜ் மைக்கேல் திறமையற்றவர் இல்லை, அரீத்தாவே அவரோடு சேர்ந்து பாடி 1987-இல் முதலிடம் பெற்றவர். ஆனால் கறுப்பினத்தவரின் இசைக்கென்று இருந்த பிரிவிலும் வேறொருவரை உட்கார வைத்தால் வலிக்காதா? அந்தக் கோபம் நியாயமானது. அது அவருடைய குரல்மீது எழுந்த கோபமும் இல்லை.

இந்த வழக்கின் மிகக் கடினமான சான்று நியூயார்க்கின் புரூக்ளினில் இருக்கிறது. ஷாரன் ஜோன்ஸ் 1956-இல் ஜார்ஜியா மாநிலத்தின் அகஸ்டாவில் பிறந்தவர். தேவாலயத்திலும் கல்யாணக் கச்சேரிகளிலும் பாடினார். பாட்டு சோறு போடாததால் ரைக்கர்ஸ் தீவுச் சிறையில் காவலராகவும், வங்கிப் பணம் கொண்டுசெல்லும் கவச வண்டியில் காவலாளாகவும் வேலை பார்த்தார். மிகக் கறுப்பு, மிகக் குண்டு, மிகக் குள்ளம், வயதும் கூடிவிட்டது என்று இசை நிறுவனத்தார் ஒருவர் தம்மிடம் சொன்னதை அவரே பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். அவருடைய முதல் தொகுப்பு வெளிவந்தது 2002-இல், வயது நாற்பத்தைந்தைத் தாண்டிய பிறகு. ‘டாப்டோன்’ என்ற சிறு நிறுவனம், வெள்ளையர்கள் பெரும்பான்மையாக இருந்த ‘டாப் கிங்ஸ்’ குழுவோடு அதை வெளியிட்டது.

அந்தக் குழுவின் வாசிப்பைக் கேட்டு மயங்கிய இசைத் தயாரிப்பாளர் மார்க் ரான்சன், இலண்டனின் வெள்ளையினப் பாடகி ஏமி வைன்ஹவுஸின் ‘பேக் டு பிளாக்’ தொகுப்புக்கு அவர்களை அழைத்தார். 2006-இல் வந்த அந்தத் தொகுப்பு உலகையே சுற்றியது. 2008 பிப்ரவரியில் ஏமிக்கு ஐந்து கிராமி விருதுகள். ஏமியின் துயரம் பொய் இல்லை, 27 வயதில் அவர் இறந்தது அதற்குச் சாட்சி. அவருடைய பாட்டை நகல் என்று சொல்ல எவருக்கும் வாய் வராது. ஆனாலும் அதே வாசிப்பாளர்கள், அதே தாளக்கட்டு. அதன் முன்னால் பல ஆண்டுகளாக நின்று பாடிய ஷாரன் ஜோன்ஸுக்கு 2014-இல் வெளிவந்த தொகுப்புக்காகக் கிராமி பரிந்துரை ஒன்று வந்தது. விருது வரவில்லை. 2016 நவம்பரில் புற்றுநோய் அவரைக் கொண்டுபோயிற்று. ஏமியிடம் குற்றம் காண முடியாது. எந்தக் குரலை எந்த முகத்தோடு விற்கலாம் என்று தீர்மானித்த சந்தையிடம்தான் குற்றம்.

ஆகவே தீர்ப்பு ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத்தான் எழுத முடியும். பாட் பூன் பாட்டை எடுத்துக்கொண்டார், உயிரை விட்டுவிட்டார், சந்தையின் அநீதியால் இலாபம் பெற்றார். மஸில் ஷோல்ஸ் வாசிப்பாளர்கள் பாடகருக்குப் பின்னால் நின்றார்கள், முன்னால் வர முண்டியடிக்கவில்லை. டஸ்டி கதவு திறந்துவிட்டார். இவர்கள் எல்லோரையும் ‘புளூ ஐட் சோல்’ என்ற ஒரே பெயரால் அழைப்பது நியாயமில்லை. ஃபிலடெல்ஃபியாக்காரரான வெள்ளையினப் பாடகர் டேரில் ஹால் அந்தப் பெயரையே வெறுத்தார். அவரும் ஜான் ஓட்ஸும் பாடிய ‘ஐ கான்ட் கோ ஃபார் தட்’ 1982 ஜனவரியில் பொதுப் பட்டியலிலும் சோல் பட்டியலிலும் முதலிடம் பெற்றது.

‘பீஸ் ஆஃப் மை ஹார்ட்’ என்றாலே உலகத்துக்கு வெள்ளையினப் பாடகி ஜானிஸ் ஜாப்ளின்தான் நினைவுக்கு வருவார். அவருடைய 1968 பதிவு பொதுப் பட்டியலில் 12-ஆம் இடம் வரை போனது. ஜாப்ளின் நன்றி மறந்தவர் அல்லர். பெயர்க்கல்கூட இல்லாமல் கிடந்த கறுப்பின புளூஸ் பாடகி பெஸ்ஸி ஸ்மித்தின் கல்லறைக்கு 1970-இல் கல் நாட்டப் பணம் கொடுத்தவர்களில் அவர் ஒருவர். ஆனால் அந்தப் பாட்டை ஓராண்டு முன்னதாகப் பாடியவர் அரீத்தாவின் அக்கா எர்மா ஃபிராங்க்ளின். ஒரு விளம்பரத்தில் அந்தப் பதிவு ஒலித்ததால் 1992-இல்தான் பிரிட்டனில் அது முதல் பத்துக்குள் வந்தது, இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து. இரண்டு பதிவுகளும் இன்று எளிதாகக் கிடைக்கின்றன. முதலில் எர்மாவைக் கேளுங்கள், பிறகு ஜானிஸைக் கேளுங்கள்.